குலம் அண்ணை பூசிய சிலிக்கோன்

போன மாதம் ஒரு கலியாண வீட்டில் இளம் பிளம்பர் ஒருவர் என் பக்கத்தில் வந்து இருந்தார். நல்ல பிள்ளை. தொழிலுக்கு வந்து கொஞ்சக் காலம்தான். சாப்பாட்டுக்கு நடுவில் ஒரு கேள்வி கேட்டார்.

"அங்கிள், பழைய வீடுகளில இரும்பு பிளாஞ்ச் துருப்பிடிச்சுக் கிடக்குது. உதைக் கழட்டத்தான் வேணுமோ? மேலால ஒரு ரிப்பேர் ரிங்கைப் போட்டு இறுக்கிவிட்டாக் காணாதோ? வீடியோவில எல்லாரும் அப்பிடித்தானே செய்யினம்."

நான் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கத்தத் தொடங்கினேன். பக்கத்து மேசைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. என் மனைவி வந்து, "உங்களுக்குப் பிரஷர் இருக்கு, எழும்புங்கோ" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பிள்ளைக்கு என் வசவுதான் கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. அவருக்குத் தரவேண்டிய பதிலை இப்போது ஆறுதலாக எழுதுகிறேன். ஆறுதலாக என்றால் கதிரையில் இருந்து எழுதுகிறேன் என்று மட்டும்தான் அர்த்தம்.

தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ரொய்லெற்றைத் தூக்கினால் அதன் அடியில், தரையோடு தரையாக, ஒரு வளையம் இருக்கும். அதுதான் பிளாஞ்ச். கீழே போகிற கழிவுப் பைப்பையும் மேலே இருக்கிற ரொய்லெற்றையும் சேர்த்துப் பிடிப்பது அதுதான். இரண்டுக்கும் நடுவில் தண்ணீரும் மணமும் வெளியே வராமல் ஒரு மெழுகு வளையம் வைப்போம். பிளாஞ்ச் உறுதியாக இருந்தால் ரொய்லெற் ஆடாது, ரொய்லெற் ஆடாவிட்டால் மெழுகு விலகாது. விஷயம் இவ்வளவுதான். இரும்பு நல்லதாக இருந்து ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ரிப்பேர் ரிங் போடலாம், நானும் போட்டிருக்கிறேன். உக்கிப்போன இரும்புக்கு மேல் அதைப் போடுகிறவன் வேலை செய்யவில்லை, மூடிவிட்டுப் போகிறான்.

நான் குவைத்தில் பைப் வேலை பழகியவன். எண்பதுகளின் கடைசியில் ரொறன்ரோவுக்கு வந்து, கொஞ்சக் காலம் உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு பழைய அடுக்குமாடிகளைத் திருத்துகிற ஒரு கொம்பனியில் சேர்ந்தேன். அங்கே மனுவேல் என்ற போர்த்துக்கீசர் வேலையை மேற்பார்க்கிற போமனாக இருந்தார். வேலை நடக்கும்போது ஒரு சொல் பேசமாட்டார். நான் பிழை விட்டால் என் கையில் இருக்கிற வேலை ஆயுதத்தை வாங்கித் தன் பொக்கெற்றில் போட்டுக்கொண்டு போய்விடுவார், அவ்வளவுதான் பாடம். பழைய இரும்பு பிளாஞ்சைப் பைப் வெடிக்காமல் கழற்றுவதையும், ரொய்லெற்றின் அடியைச் சுற்றி இடுக்கை மூடுகிற சிலிக்கோன் பசையைப் பூசும்போது பின்பக்கத்தில் ஒரு விரல் அகலம் திறந்து விடுவதையும் அவரிடம்தான் பழகினேன். அந்தத் திறப்பு எதற்கு என்றால், உள்ளே ஒழுகினால் தண்ணீர் அதுவழியாக வெளியே வந்து வீட்டுக்காரனுக்குத் தெரியவேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலைகள் படுத்தபோது அந்தக் கொம்பனியும் படுத்தது. அப்போதுதான் வீடு திருத்துகிற வேலைகளைக் கொந்தராத்து எடுக்கிற குலம் அண்ணையிடம் வேலைக்குப் போனேன்.

குலம் அண்ணையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அயர்ன் பண்ணிய சேர்ட், நெற்றியில் திருநீறு, பொக்கெற்றில் பேனை. ஸ்காபரோவில் எங்கள் சனம் வீடு வாங்கத் தொடங்கிய காலம் அது. ஒரு வீட்டுக்கு வேலை பார்க்கப் போனால் முதலில் சப்பாத்தைக் கழற்றி வாசலில் ஒழுங்காக அடுக்கி வைப்பார். குளியலறையைப் பார்க்கமாட்டார். செற்றியில் இருந்து தேத்தண்ணி வாங்கிக் குடித்துக்கொண்டு, "நீங்கள் ஊரில எவ்விடம்?" என்று தொடங்குவார். தேத்தண்ணி முடிவதற்குள் அந்த வீட்டு அம்மாவின் சித்தப்பாவுக்கு இவர் ஏதோ ஒரு முறையில் மச்சானாகி இருப்பார். அதன் பிறகு வேலை எங்கே விலகும்? மச்சானிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்க முடியுமா? நகரசபையில் பெர்மிற் எடுத்தீர்களா என்று கேட்க முடியுமா? வேலை முடிந்து ஆறு மாதத்தில் ரொய்லெற் ஆடினால், "மச்சான், நீ செய்த வேலை சரியில்லை" என்று எந்த வாயால் சொல்வது? எங்கள் சனம் சொல்லாது. ஆடுகிற ரொய்லெற்றிலேயே ஆடிக்கொண்டு இருக்கும்.

அவர் வேலைத்தலத்தில் தன் கையால் செய்வது ஒரே ஒரு வேலை. நாங்கள் எல்லாம் முடித்த பிறகு வந்து, சேர்ட் கையை மடித்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே ஒரு துவாயை விரித்து, ரொய்லெற்றைச் சுற்றிச் சிலிக்கோன் பூசுவார். சவர்க்காரத் தண்ணீரில் விரலைத் தோய்த்து ஒரே இழுப்பில் சுற்றிவர இழுப்பார். வெள்ளைக் கோடு ஒரு இடத்தில்கூட நடுங்கியிருக்காது. பின்பக்கத்தையும் விடமாட்டார். நான் ஒருநாள், "அண்ணை, பின்னுக்குக் கொஞ்சம் திறந்து விடவேணும். ஒழுகினால் தெரியாமல் போயிடும்" என்றேன். அவர் விரலைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"தம்பி யோகன், தெரியாமல் போகத்தானே பூசுறது."

அன்றே நான் விலகியிருக்கலாம். ஊரில் இருந்து தம்பி, தங்கச்சியைக் கனடாவுக்கு எடுக்கக் காசு வேண்டியிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.

இனி ஸ்காபரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம் இருந்த நவரத்தினம் என்பவரின் வீட்டுக்கு வருகிறேன். ஒரு தை மாதத்துச் சனிக்கிழமை, எலும்பைக் குத்துகிற குளிர். குலம் அண்ணை காலையில் ஃபோன் எடுத்து, "நவரத்தினம் வீட்டுக்குப் போ. பேஸ்மென்ற்றில குசினிச் சீலிங் ஊறிப்போய்க் கிடக்கு. கறையை மறைக்கிற பெயின்ற் ஒண்டை அடிச்சுப்போட்டு வா. மேல் ரொய்லெற்றைத் தொடாதை. இண்டைக்குள்ள முடியவேணும்" என்றார். அந்த மேல் குளியலறையை முந்தைய கோடையில் எங்கள் ஆட்கள்தான் புதுப்பித்திருந்தார்கள். நான் அப்போது வேறு வீட்டில் நின்றேன். ரைல்ஸ் புதிது, ரொய்லெற் புதிது, வெள்ளைக் கோடு குலம் அண்ணையுடையது.

நிலத்துக்குக் கீழே இருந்த அந்தப் பேஸ்மென்ற்றில் ரஜனி என்ற பெண்ணும் புருஷனும் வாடகைக்கு இருந்தார்கள். கைக்குழந்தை ஒன்று, இன்னும் தலை நிற்கவில்லை. புருஷன் மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பார்சல் ஏற்றுகிற வேலை. பஸ்ஸுக்கு மேல் பஸ் பிடித்துப் போய் வருகிறவர். ரஜனி வீட்டில் இருந்தபடியே இடியப்பமும் பிட்டும் அவித்து ஒரு கடைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அடுப்புக்கு நேர் மேலே சீலிங்கில் ஒரு பெரிய பழுப்புக் கறை. நடுவில் இருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அடுப்பின் மேல் ஒரு சட்டி வைத்திருந்தாள். உள்ளே கால் வைத்ததுமே எனக்கு மணம் பிடிபட்டுவிட்டது. அது சமையல் மணம் இல்லை.

என்னைக் கண்டதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அண்ணை, என்ர பிட்டு ஆவியாலதான் சீலிங் பழுதாப்போச்சாம். இந்த மாதக் கடைசியோட வீட்டை விட்டு எழும்பச் சொல்லிப்போட்டினம். நான் ஒரு கிழமையா அடுப்பில பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியே வைக்கேல்லை. கடைக்காரர் வேற ஆளைப் பிடிச்சிட்டார். அப்பவும் சொட்டுது. நீங்களே பாருங்கோ."

சட்டியைப் பார்த்தேன். அவள் பிட்டு அவிக்காமல் நிரம்பிய சட்டி அது. அந்தப் பெண் தன் வருமானத்தை நிறுத்தி வைத்துத் தான் குற்றவாளி இல்லை என்று நிரூபித்திருக்கிறாள், மேலே ஒருவரும் இறங்கி வந்து பார்க்கவில்லை. வீட்டுக்காரர் நினைத்தபடி எழுப்ப முடியாது, சட்டம் இருக்கிறது, முறைப்பாடு செய்யலாம் என்று சொன்னேன்.

"எங்கட அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை அண்ணை. அரசாங்கத்துக்கு முன்னால போய் நிக்க இவர் பயப்பிடுறார்."

பெயின்ற் வாளியை மூடி வைத்துவிட்டு மேலே போனேன். நவரத்தினத்தார் வேலைக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தார். மகள் சுஜா வீட்டில் நின்றாள். படிப்பு முடித்து ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிற பிள்ளை. தாய், "போய்த் தலையை வாரி இழுத்துச் சீலையைக் கட்டு பிள்ளை, பின்னேரம் ஆக்கள் வருகினம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவளோ நீளக் காற்சட்டையோடு என் பின்னால் வந்து குளியலறை வாசலில் நின்றாள்.

"பிள்ளை, வீட்டில கேசரிக்குப் போடுற கலர் இருக்கோ?" என்று கேட்டேன்.

"வட் ஃபோர், அங்கிள்?"

"கொண்டு வா, காட்டுறன்."

கொண்டுவந்து தந்தாள். அரைவாசியை ரொய்லெற் தண்ணீரில் கொட்டிக் கலக்கி, தாங்கியின் பிடியை அழுத்திவிட்டு, "இப்ப கீழ போய் ரஜனியின்ர சட்டியைப் பார்" என்றேன். போனாள். திரும்பி வந்தபோது பிள்ளையின் முகம் மாறியிருந்தது.

"அங்கிள், ஒறேஞ்சாச் சொட்டுது. அவ சமைக்கிற இடத்தில. ஓ மை கோட்."

நவரத்தினத்தாரின் வேலைக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். மேலால்தான் ஒழுகுகிறதா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "அப்ப கழட்டிப் பாருங்கோ தம்பி. பிழை மேலை எண்டால் அந்தப் பிள்ளையவை இருக்கட்டும்" என்றார். இதை அவர் சொன்னார். தெளிவாகச் சொன்னார். பக்கத்தில் சுஜாவும் ரிசீவரோடு காதைச் சேர்த்துவைத்துக் கேட்டாள்.

தண்ணீரை அடைத்தேன். தாங்கியை வெறுமையாக்கி, அடியில் தேங்கியதைப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன். குலம் அண்ணையின் வெள்ளைக் கோட்டைக் கத்தியால் சுற்றி அறுத்தபோது எனக்கு மனதுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. ரொய்லெற்றைத் தூக்கிப் பக்கத்தில் படுக்க வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டு வாசிக்கிறவர்கள் இருப்பார்கள் என்பதால் மணத்தைப் பற்றி எழுதவில்லை.

உள்ளே இரண்டு மெழுகு வளையங்கள், ஒன்றன்மேல் ஒன்று. பழைய தரையைக் கிளப்பாமல் அதற்கு மேலேயே புதிய ரைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். தரை உயர்ந்துவிட்டது, பிளாஞ்ச் பள்ளத்துக்குள் போய்விட்டது. பள்ளத்தை நிரப்ப இரண்டாவது வளையம். மேலது கீழதில் வழுக்கி ஒரு பக்கம் விலகியிருந்தது. ஒவ்வொரு தடவை பிடியை அழுத்தும்போதும் அந்த இடுக்கால்தான் கீழே இறங்கியிருக்கிறது. பிளாஞ்சில் ஒரு பக்க விளிம்பே இல்லை, கரைந்துவிட்டது. அவர்கள் வேலை செய்தபோதே அது அரைவாசி போயிருக்கும். பிடிக்க இரும்பு இல்லையென்று ஆணியை நேரே பலகையில் இறக்கியிருந்தார்கள். பலகை தேத்தண்ணியில் தோய்த்த பாண் மாதிரி இருந்தது. ஒரு விரலால் குத்தினேன், விரல் உள்ளே போனது. சுற்றிவரச் சிலிக்கோன் இருந்ததால் மேலே ஒரு சொட்டுக் கசியவில்லை. எல்லாம் கீழே, குழந்தை இருக்கிற வீட்டுக்கு.

"உதை ஆர் செய்தது, அங்கிள்?" என்று சுஜா கேட்டாள்.

"குலம் அண்ணைதான். வேற ஆர்?"

அவள் அறுத்துப்போட்ட வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஏன் அப்படி நின்றாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

கழற்றுகிற முறையை அந்த இளம் பிளம்பருக்காக ஒழுங்காகச் சொல்கிறேன். முதலில் பைப்பின் வாயைத் துணியால் இறுக்கி அடைக்கவேண்டும். கழிவு வாயு வீட்டுக்குள் வராது, உடைகிற துண்டுகளும் உள்ளே விழாது. துணியில் ஒரு கயிறு கட்டி மறுநுனியை உங்கள் பெல்ட்டில் முடியுங்கள். துணியை உள்ளே மறந்துவிட்டு ரொய்லெற்றை இறக்கிய கெட்டிக்காரர்கள் இந்த நகரத்தில் நிறையப்பேர். பெல்ட்டில் கட்டியிருந்தால் எழும்பும்போது இழுக்கும்.

அந்தக் காலத்து வீடுகளில் இரும்பு பிளாஞ்சை இரும்புப் பைப்போடு சேர்த்திருப்பது ஈயம். இடைவெளியில் தார் தோய்த்த சணலைத் திணித்து, மேலே ஈயத்தை உருக்கி ஊற்றியிருப்பார்கள். அவசரக்காரன் சுத்தியலை எடுத்து பிளாஞ்சில் ஒரு போடு போடுவான். பிளாஞ்ச் உடையும், கூடவே பைப்பும் வெடிக்கும். அந்தப் பைப் ரஜனியின் குசினிச் சுவருக்குள்ளால்தான் இறங்குகிறது. அது வெடித்தால் அவளுடைய சுவரைத்தான் உடைக்கவேண்டும், அதைச் சாட்டாக வைத்தே அவளை அனுப்பிவிடுவார்கள். ஆகவே ஈயத்தில் சுற்றிவர நெருக்கமாகத் துளை போட்டேன். சின்ன உளியால் ஈயத்தைத் துண்டு துண்டாகக் கிளப்பினேன். ஒவ்வொரு துண்டுக்கும் குலம் அண்ணைக்கு ஒரு வசை, மனதுக்குள்தான். சணலைக் கொக்கியால் இழுத்து எடுத்தேன். அப்போதும் துரு விடவில்லை. பிளாஞ்சின் வளையத்தில் எதிரெதிராக இரண்டு இடத்தில் இரும்பு அறுக்கிற வாள் அலகால் வெட்டினேன். வெட்டு பைப்பைத் தொடுவதற்கு ஒரு நூல் முன்னால் நிற்கவேண்டும். பிறகு அந்த வெட்டில் உளியை வைத்துத் திருகவேண்டும். அடிக்கவே கூடாது, திருகவேண்டும். ஒரு சத்தம் கேட்டது, பிளாஞ்ச் இரண்டாகப் பிளந்து கையோடு வந்தது. பைப்பின் விளிம்பைச் சாவியால் தட்டிப் பார்த்தேன். கணீரென்று கேட்டது. வெடித்த பைப் அப்படிக் கேட்காது.

ஊறின பலகையை வெட்டி எடுத்து, கடைக்கு ஓடிப்போய் வாங்கிவந்த புதுப் பலகையைப் போட்டேன். ரைல்ஸ் மட்டத்துக்குப் புது பிளாஞ்ச், ஒரே ஒரு மெழுகு வளையம். நவரத்தினத்தார் மனைவி இடைக்கிடை வந்து, "ஆக்கள் வரேக்கை ரொய்லெற் இல்லாமல் என்ன செய்யிறது தம்பி?" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இறக்கி முடித்து, மீதிக் கேசரிக் கலரையும் கொட்டிப் பிடியை அழுத்தினேன். கீழே ரஜனி சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சொட்டு விழவில்லை. "இனி எழும்பத் தேவையில்லை, வீட்டுக்காரர் சொல்லிப்போட்டார்" என்று நான் அவளுக்குச் சொன்னேன். அன்று பின்னேரமே நீத்துப்பெட்டியைக் கழுவி வைத்தாள்.

நான் ஆயுதங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் சத்தம். நவரத்தினத்தார் வேலையால் வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் குலம் அண்ணை மனைவியோடு வந்தார். மனைவியின் கையில் பலகாரப் பெட்டி. நல்லது, ஆளே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, உடைந்த பிளாஞ்சின் இரண்டு துண்டுகளையும் ஒரு பழைய துவாயில் வைத்து ஹோலுக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் முன்னால் வைத்தேன். இரண்டு மெழுகு வளையங்களையும் பக்கத்தில் வைத்தேன். நடந்ததை முதலில் இருந்து கடைசிவரை சொன்னேன்.

நவரத்தினத்தார் குலம் அண்ணையைப் பார்த்தார். குலம் அண்ணை தன் தேத்தண்ணியைப் பார்த்தார். பிறகு நவரத்தினத்தார் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"அதுதானே தம்பி நானும் சொன்னனான். கீழ பிட்டு அவிச்ச ஆவிதான் மேல ஏறி உந்த இரும்பைப் பிடிச்சிருக்கு."

குலம் அண்ணை தலையை ஆட்டினார். "ஓம், ஆவி பொல்லாத சாமான்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நவரத்தினத்தார் மனைவி என் கையைத் தொட்டு மெதுவாக, "தம்பி, மாப்பிள்ளை வீட்டுக்காரரா முதன்முதலா வந்திருக்கினம். உதைக் கொண்டுபோங்கோ" என்றார். அப்போதுதான் விளங்கியது. குலம் அண்ணையின் மகனுக்குச் சுஜாவைப் பேசியிருக்கிறார்கள். நாள் வைக்க வந்திருக்கிறார்கள். அதற்குள் சீலிங் கறை மறையவேண்டும் என்றுதான் என்னைக் காலையில் பெயின்ற் வாளியோடு அனுப்பியிருக்கிறார். சம்பந்தியின் வேலை பிழை என்று நவரத்தினத்தார் எப்படிச் சொல்வார்? பிழை எங்கேயாவது இருக்கவேண்டும். கீழே ஒருத்தி இருக்கிறாள், அவளுக்காகப் பேச ஆளில்லை.

அறை வாசலில் சுஜா சீலை கட்டி நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். சட்டியில் ஒறேஞ்சு நிறம் விழுந்ததைக் கண்ணால் கண்ட பிள்ளை. தகப்பன் ஃபோனில் தந்த வாக்கைக் கேட்ட பிள்ளை. அவள் நிலத்தைப் பார்த்தாள்.

எனக்கு இன்றைக்கும் அடங்காத கோபம் அதுதான். உண்மை தெரியாததால் ரஜனியை எழுப்புகிறார்கள் என்று நான் நினைத்தேன். இரும்பைக் காட்டினால் விளங்கும் என்று நம்பி, நாள் முழுக்க முழங்காலில் நின்று, பைப் வெடித்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தேன். அந்த ஹோலில் இருந்த ஒவ்வொருவருக்கும் விளங்கியிருந்தது. விளங்கிக்கொண்டேதான் பலகாரம் சாப்பிட்டார்கள்.

"மனிசராடா நீங்கள்?" என்று கேட்டேன். அந்த 'டா' குலம் அண்ணைக்கும் சேர்த்துத்தான். வேலை அன்றோடு போனது. அதற்காக நான் ஒருநாளும் கவலைப்படவில்லை.

மாதக் கடைசியில், முழங்கால் ஆழப் பனிக்குள், நானும் மனைவியும் ஒரு நண்பரின் வானைக் கேட்டு வாங்கி ரஜனியின் சாமான்களை ஏற்றினோம். எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்தில் ஒரு அறை பிடித்துக் கொடுத்திருந்தோம். குழந்தையைப் போர்வையில் சுற்றி மனைவி மடியில் வைத்துக்கொண்டாள். ரஜனி கடைசியாகக் குசினியைக் கூட்டிவிட்டு வந்து ஏறினாள். எழுப்புகிற வீட்டையும் கூட்டிவிட்டு வருகிறாளே என்று எனக்கு அதற்கும் கோபம் வந்தது.

"இப்ப சொட்டேல்லைத்தானே அண்ணை?" என்று கேட்டாள்.

"இல்லை."

"அப்ப இனி வாறவைக்கு நல்லாயிருக்கும்."

நான் வானை ஓட்டிக்கொண்டு அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கலியாணம் நடந்தது. நான் இன்னொரு கொம்பனியில் சேர்ந்து, லைசென்ஸ் எடுத்து, சொந்தமாகத் தொழில் தொடங்கினேன். தொண்ணூறுகள் முடிகிற காலத்தில் ஒருநாள் பகல் ஒரு பெண் ஃபோன் எடுத்தாள். "அங்கிள், நான் சுஜா. இப்ப ஸ்ரௌவ்வில்லில இருக்கிறம். ரொய்லெற் ஆடுது. ப்ளீஸ் வாங்கோ. மாமாவுக்குத் தெரியவேண்டாம்."

போகக்கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். போனேன். பெரிய வீடு, புது வீடு. மேல் குளியலறைத் தரை பிடிக்கவில்லை என்று மாமனார் வந்து புது மாபிள் ஒட்டிக் கொடுத்திருக்கிறார், அன்பளிப்பாக. ரொய்லெற்றைச் சுற்றி வெள்ளைக் கோடு, ஒரே இழுப்பில், பின்பக்கமும் சேர்த்து. கீழே சுஜாவின் சாப்பாட்டு மேசைக்கு மேலே பழுப்புக் கறை. நான் கோட்டை அறுத்து ரொய்லெற்றைத் தூக்கினேன். இரண்டு மெழுகு வளையங்கள்.

பைப்பில் துணியை அடைத்து, கயிற்றைப் பெல்ட்டில் முடிந்துகொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அன்றைக்குப் போலவே வாசலில் நின்றாள்.

"தெரியும் அங்கிள்" என்றாள். "அண்டைக்கே எனக்குத் தெரியும். கலர் எடுத்துத் தந்தது நான்தானே."

"அப்ப ஏன் வாய் திறக்கேல்லை?"

"எல்லாரும் அவ்வளவு சந்தோஷமா இருந்திச்சினம். அம்மா, அப்பா... நான் என்ன சொல்லுறது அங்கிள்?" பிறகு இன்னொன்று சொன்னாள். "முடிச்சிட்டு சிலிக்கோனை முந்தி இருந்த மாதிரியே சுத்திவரப் பூசிவிடுங்கோ. மாமா வந்து பார்ப்பார். கழட்டினது தெரிஞ்சால் மனவருத்தப்படுவார்."

அப்போது நான் கத்தவில்லை. கத்தினால் கோபம் ஆறிவிடும் என்று பட்டது. பொக்கெற்றில் இருந்த கடதாசியில் ரஜனியின் ஃபோன் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

"இவவுக்கு எடு. சொட்டினது உங்கட பிழை இல்லை எண்டு சொல்லு. சொல்லிப்போட்டு வா. அதுக்குப் பிறகு நான் இதை இறக்கிறன். இல்லாட்டில் இது இப்பிடியே கிடக்கட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள், படுத்துக் கிடக்கிற ரொய்லெற்றைப் பார்த்தாள். ஃபோனை எடுத்துக்கொண்டு கீழே போனாள். நான் முழங்காலில் காத்திருந்தேன். கீழே பேச்சுக் குரல் கேட்டது, சொற்கள் விளங்கவில்லை. பிறகு சத்தமில்லை. கனநேரம் கழித்துப் படியேறி வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள்.

"என்ன சொன்னவ?"

"தன்ர பிழை இல்லை எண்டு தனக்கு அப்பவே தெரியுமாம்." சுஜா கையில் இருந்த கடதாசியை நாலாக மடித்தாள். "மேல இருந்த எங்களுக்குத் தெரியுமோ எண்டதுதான் இவ்வளவு காலமும் தெரியாமல் இருந்ததாம். இப்ப தெரிஞ்சிட்டுதாம். ஃபோனை வைச்சிட்டா."

பிளாஞ்சை ரைல்ஸ் மட்டத்துக்கு உயர்த்தி, துணியை இழுத்து எடுத்து, ஒரே ஒரு மெழுகு வளையத்தை வைத்து ரொய்லெற்றை இறக்கினேன். முன்பக்கமும் இரு பக்கமும் சிலிக்கோன் பூசினேன். பின்பக்கத்தைத் திறந்தே விட்டேன்.